உங்க பொருள் கீழ விழுந்துடுச்சு

அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கையில் எங்கள் வீட்டுப் பால் கவர் இருந்தது. காலையில் கதவைத் தட்டி, கல்யாணப் பத்திரிகை நீட்டுவது போல இரண்டு கையாலும் அதை நீட்டினார்.

"எதிர் வீடுங்க நான். இது உங்களோடதுன்னு நினைக்கிறேன். காத்துல பறந்து எங்க வாசலுக்கு வந்துடுச்சு."

வாங்கிப் பார்த்தேன். கவரைக் கழுவி, துடைத்து, நாலாக மடித்திருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் "தேங்க்ஸ்" என்றேன். "பரவால்லீங்க" என்று சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சொருகி, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். உள்ளே வந்து கணவரிடம் காட்டினேன். அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நக்கலா, நல்ல மனசா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டைத் தாண்டி, வயல்களை மனை போட்டு விற்ற இடத்தில் எங்கள் தெரு இருந்தது. வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். வேலிக்காத்தான் செடியும் எல்லைக் கல்லுமாகக் கிடக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், ஆவடிப் பக்கம் பட்டறை வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் கடன் வாங்கிக் கட்டிய ஒற்றை மாடி வீடுகள்.

கேரி பேக் என்பது அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு அண்ணாச்சி கடையில் பேப்பரில் பொட்டலம் கட்டித்தான் தருவார்கள். மீன் வாங்கப் போனால் பாத்திரம் எடுத்துக்கொண்டு போவோம். கொஞ்ச காலத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. கத்திரிக்காய்க்கு ஒரு கவர், அதோடு கொசுறாகத் தரும் கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு கவர். வீட்டில் சேரும் குப்பையை அதே கவரில் போட்டு, காதுகளைப் பிடித்து முடிச்சுப் போட்டு, காலி மனையில் வீசுவோம். அதை யாரும் அசுத்தமாக நினைக்கவில்லை. வீடு பளிச்சென்று இருந்தது, அது போதும்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டிவிட்டுப் போன வீட்டில் தனியாக இருந்தார். பட்டணத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. டிரங்க் கால் போட்டுவிட்டு ஜனங்கள் காத்துக் கிடந்த காலத்திலிருந்தே அந்த வேலைதான். எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும் பதிலுக்குக் கத்தாமல் பழகிப்போன குரல். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். அந்தக் குரலில்தான் அவர் ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் அவரவர் குப்பையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நானும் வேலைக்குப் போய்வந்ததால், பல நாள் அவரோடு ஒரே ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் போவேன். யாராவது பிஸ்கட் கவரை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால், இவர் எழுந்து போய்க் குனிந்து எடுப்பார். தோளை மெதுவாகத் தொடுவார்.

"உங்க பொருள் கீழ விழுந்துடுச்சுங்க."

"அது குப்பைங்க."

"ஆமாங்க. உங்களோடது."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். புத்திமதி கிடையாது, முறைப்பு கிடையாது. கவரை நீட்டியபடி சிரித்துக்கொண்டு நிற்பார். எதிரே இருப்பவர் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிய பிறகு ஜன்னலுக்கு வெளியே வீசவும் கை வராது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒருநாள் காலேஜ் பெண்கள் சிலர் வேண்டுமென்றே அவரைச் சோதித்தார்கள். ஒருத்தி சாக்லேட் காகிதத்தைப் போடுவாள். இவர் எடுத்துக் கொடுப்பார். உடனே அடுத்தவள் போடுவாள். வில்லிவாக்கம் வரைக்கும் இது நடந்தது. கம்பார்ட்மென்ட் முழுக்கச் சிரிப்பு. இவர் முகம் சுளிக்கவேயில்லை. கடைசியில் போட ஒன்றும் இல்லாமல் அந்தப் பெண்கள்தான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது ஒருத்தி, "வரேன் ரிட்டன் டிக்கெட்!" என்று கத்திவிட்டுப் போனாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ரயிலிலிருந்து இறங்கி எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். கோபப்பட்டதில்லை.

அவரை ஒரே ஒரு ஆள்தான் மடக்கியது. அம்பத்தூரில் ஏறும் கொய்யாப்பழக்காரம்மா. யாரோ பழத்தைத் தின்றுவிட்டுப் போட்ட கவரை, போட்டவர் இறங்கிப் போய்விட்டதால், இவர் அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இன்னா யக்கா, என் கைல குடுக்கற? நானா துன்னேன்?"

"நீங்க குடுத்த கவர்தானேம்மா?"

"நான் குடுத்தது கொய்யாப்பயம். கவரு கேக்கறாங்கோ, குடுக்கறேன். இல்லன்னு சொன்னா பக்கத்து கூடைக்காரிகிட்ட பூடறாங்கோ. அப்புறம் நான் கூடைய தூக்கிகினு ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். நீ வந்து என் புள்ளைங்களுக்கு சோறு போடுவியா?"

அவர் கவரைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, சென்ட்ரல் வரைக்கும் யோசனையாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் அந்த அம்மா ஏறியதும் எழுந்து நின்று, கர்ச்சீப்பை விரித்துப் பழம் வாங்கினார். பிறகு ஆபரேட்டர் குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்ல பழம். கர்ச்சீப்ல வாங்கினா அம்மா பொறுக்கி எடுத்துத் தருவாங்க" என்றார். அந்த அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தாள். சில பெண்கள் சிரித்துக்கொண்டே கர்ச்சீப்பை விரித்தார்கள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள். அந்த அம்மா பிறகும் கவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கேட்டால் மட்டும் கொடுத்தாள்.

இப்படியெல்லாம் எழுதும்போது அவர் இனிமையானவராகத் தெரிகிறார். எதிர் வீட்டில் குடியிருந்தால்தான் தெரியும். என் நாத்தனார் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நின்று நீட்டினார். நாத்தனார் மகள் தெருவில் போட்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக மனுஷரை இப்படி நாலு பேர் முன்னால் நிற்க வைக்க வேண்டுமா என்று இருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை. பொருளுக்கு உரியவரிடம் பொருள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. உரியவர் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அவர் கணக்கிலேயே வராது.

மாடு செத்தது அதற்கு அடுத்த கோடையில். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கறவை மாடு காலி மனைகளில்தான் மேயும். வயிறு உப்பி, இரை எடுக்காமல், ரெண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு உயிரை விட்டது. மாட்டு டாக்டர் வந்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து கவர்களாகவே வந்தன. கறுப்பு, வெள்ளை, ரோஸ் என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரு பெரிய அன்னக்கூடை நிறைய. நாங்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றோம். இவர் மட்டும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"முடிச்சுகூட அவிழலீங்க" என்றார் என்னிடம். குரல் என்னவோ போல இருந்தது. "யாரோ போட்ட முடிச்சு. அப்படியே இருக்கு."

பால்காரம்மா மண்ணில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். "பால் குடுத்த மாட்டுக்கு வவுத்துல எடமே இல்லாம பண்ட்டீங்களே! இன்னா பாவம் பண்ணிச்சு அது? உங்க ஊட்டு கொயந்தைங்களுக்குத்தானே குடுத்துச்சு!"

ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். ரோட்டில் கிடக்கும் பால் கவர், பிஸ்கட் கவரோடு நிற்கவில்லை. காலையில் மொட்டை மாடியில் நின்று, யார் வீட்டிலிருந்து முடிச்சுப் போட்ட பை பறக்கிறது என்று பார்ப்பார். இறங்கிப் போய் முள்ளுக்குள் நுழைந்து எடுத்து வருவார். அந்த வீட்டு வாசலில் நின்று நீட்டுவார். "உங்க பொருள் கீழ விழுந்துடுச்சு." பையை ஒருபோதும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார். அது அடுத்தவர் பொருள். சிலர் திட்டினார்கள். சிலர் கதவே திறக்கவில்லை. ஆனால் தெருவில் பை பறப்பது குறைந்தது என்பதும் உண்மை.

கலா விஷயம் அந்த நாட்களில்தான் நடந்தது.

கலா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த குடும்பத்தின் மருமகள். வேப்பம்பட்டுப் பெண். அவள் கணவன் முருகேசன் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மா பேச்சுக்கு மறு பேச்சு பேசாத பிள்ளை. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லை என்று மாமியார் அவளைக் கோயில் கோயிலாக அழைத்துக்கொண்டு அலைந்தாள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு தர்காவுக்குக்கூடப் போய்க் கயிறு கட்டி வந்தார்கள். கலா தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது என்னிடம் வந்து பாடத்தில் சந்தேகம் கேட்பாள். சிரித்த முகம். அதிகம் பேச மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கலா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சின்னப் பை ஒன்றைக் காலி மனைப் பக்கம் வீசினாள். எதிர்ச் சாரி மாடியிலிருந்து இவர் பார்த்தார். வழக்கம்போல எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அப்போது நான் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்திருந்தேன். கதவைத் திறந்தது மாமியார்.

"உங்க வீட்டுப் பொருள் கீழ விழுந்துடுச்சுங்க."

"இன்னா பெரிய பொருளு? வெங்காயத் தோலா, தங்கமா?" மாமியாருக்கு வந்த கோபத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "எங்க ஊட்டு குப்பைய எங்களுக்கே கொண்டாந்து குடுக்கறியா? எல்லாரும் பாருங்க, அப்படி இன்னாத்த கொட்டிட்டோம்னு பாருங்க!"

சொல்லிக்கொண்டே பையைப் பிய்த்து வாசலில் கொட்டினாள். வெங்காயத் தோல் இருந்தது. பூண்டுத் தோல் இருந்தது. அவற்றோடு காலி மாத்திரை அட்டைகள் நாலைந்து.

பக்கத்து வீட்டுக்காரி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "ஐயே, இது குழந்தை வேணான்னு போடறதாச்சே" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாடிப்படியில் ஈரத் துணியோடு நின்றிருந்த கலாவை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். அன்று மத்தியானமே கலாவின் பெட்டி வாசலுக்கு வந்தது. முருகேசன் தலையைக் குனிந்தபடி அவளை ரயிலேற்றி வேப்பம்பட்டில் விட்டுவிட்டு வந்தான்.

தெரு முழுக்க ஒரே பேச்சு. கலாவைப் பேசியவர்கள் பாதி, இவரைப் பேசியவர்கள் பாதி. "குப்பையக் கிளறி ஒரு குடும்பத்தையே தெருவுல போட்டுட்டா. அவளுக்கென்ன, புருஷனா குட்டியா" என்று அண்ணாச்சி கடையில் அவர் நிற்கும்போதே ஒருத்தி சொன்னாள். அவர் சாமானைப் பையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் எதற்கும் குனியவில்லை. ரயிலில் காலடியில் கவர் உருண்டு வந்தால் காலை நகர்த்திக்கொண்டார். ஒருநாள் ஸ்டேஷன் பாதையில் என்னோடு நடக்கும்போது காற்றில் பறந்து வந்த கேரி பேக் அவர் புடவையில் ஒட்டியது. எடுத்தார். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்படியே கீழே விட்டுவிட்டு நடந்தார். எனக்கு அது அவர் திருப்பிக் கொடுத்த எல்லாத் தருணங்களையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு போன் காலைக்கூட மாத்திக் குடுத்ததில்லை" என்றார் திடீரென்று. "இதை யார்கிட்ட குடுக்கறோம்னு பாக்காம குடுத்துட்டேன்."

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்து, "வேப்பம்பட்டு வரைக்கும் கூட வரீங்களா? தனியாப் போக தைரியம் இல்ல" என்றார். போனோம். கலாவின் அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. கலா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். இளைத்திருந்தாள்.

"என்னை மன்னிச்சுடும்மா. நான் பிரிச்சுப் பாக்கல. ஆனா நான் கொண்டுவந்ததாலதான்..."

"நீங்க பிரிச்சுப் பாக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் கலா. அழவில்லை. "உங்களுக்குக் கவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அதை ஏன் ஒருத்தி மாடியிலேருந்து, யாரும் பாக்காதப்ப வீசறான்னு நினைச்சுப் பாக்கல. அந்த ஊட்ல எனக்குன்னு ஒரு டப்பா கெடையாது. பீரோ சாவி அவங்ககிட்ட. குப்பைக்கூடைகூட அவங்க கண்ணு முன்னாலதான் இருக்கும். நான் எங்க போடுவேன், சொல்லுங்க?"

அவர் தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"படிப்பு முடியட்டும்னு நாங்க ரெண்டு பேரும்தான் பேசி முடிவு பண்ணோம். அவர்தான் கடைல வாங்கிட்டு வந்து குடுப்பாரு. இப்போ வாயத் தொறக்கல. எல்லாம் நானே திருட்டுத்தனமா பண்ணதாப் போச்சு." கலா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போய்ட்டு வாங்க. உங்க மேல கோவம் போவாது. போறப்ப போவும்."

திரும்பி வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணனூரில் நான் எழுந்தேன். அவர் உடனே எழவில்லை. "நான் நாளைக்கு ஒரு இடம் போகணும். வரீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் எஸ்டேட்டில் முருகேசனின் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் எங்களைப் பார்த்து முகம் வெளுத்துப்போனான். அவர் டீக்கடை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"தம்பி, அன்னைக்கு நான் கொண்டுவந்த பை உங்களோடது. உங்க அம்மாகிட்ட குடுத்தது என் தப்பு. அதுக்கு கலாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். இப்போ அதை உங்ககிட்ட குடுக்க வந்திருக்கேன்."

"அக்கா, அம்மா ஒத்துக்க மாட்டாங்க..."

"வாங்கிட்டு வந்தது யாரு?"

அவன் கம்பெனி கேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களோடதுதானே?"

அவர் குரல் உயரவேயில்லை. ரயிலில் பிஸ்கட் கவரை நீட்டும் அதே குரல். முருகேசன் சைக்கிள் பெல்லை விரலால் தடவிக்கொண்டே நின்றான். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "எனக்கு பயமா கீதுக்கா" என்றான் கடைசியில், சின்னப் பிள்ளை மாதிரி. "இருக்கட்டும்பா. பயந்துக்கிட்டே சொல்லு" என்றார் அவர்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசியில் அவர்கள் வீட்டில் பெரிய சண்டை. முருகேசன் குரலை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். "நான்தான் வாங்கினு வந்தேன்! நான்தான்! அவள ஏன் சொல்றே?" மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவன் வேப்பம்பட்டுக்குப் போய்க் கலாவை அழைத்துவந்து, திருமுல்லைவாயலில் ஒரு அறை பார்த்துத் தனியாகக் குடிவைத்தான். கலா பரீட்சை எழுதினாள். தெருவுக்கு எப்போதாவது வந்தாலும் என்னோடு பேசுவாள். அவரைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள்.

அவர் மறுபடி குனிய ஆரம்பித்தார். ஆனால் திருப்பிக் கொடுப்பதை விட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய், கதவுக்கு வெளியே நின்று, "ஏதாவது இருந்தா குடுங்க" என்று கேட்டார். அவ்வளவு பேச்சுக்குப் பிறகு அந்த வாசல்களில் போய் நிற்க எப்படி மனசு வந்ததோ. முதலில் யாரும் கொடுக்கவில்லை. நான் என் வீட்டுப் பால் கவர்களைக் கொடுத்தேன். கூடப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன். கலா கேட்டாளே, எங்கே போடுவேன் என்று. அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் யாரிடமும் பதில் இல்லை. குப்பை லாரி மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். நகராட்சி ஆபீசுக்கு அவர் லீவு போட்டுவிட்டு நடந்தார். "பாக்கறோம்மா" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் ஆள் கிடைத்தது எங்கள் தெருவிலேயே. குமணன்சாவடிப் பக்கத்திலிருந்து மூன்று சக்கர வண்டியில் பழைய பேப்பரும் இரும்பும் எடுக்க வரும் பாய். அவரிடம் போய்ப் பேசினார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"சுத்தமான கவர் நான் எடுத்துக்குவேன்மா. மத்தது?"

"மெயின் ரோட்டுத் தொட்டில போட்டுட்டுப் போயிடுங்க."

"கட்டினு கெடக்கற பைல இன்னா கீதுன்னு பாக்க வேணாமா?"

"வேணாம் பாய். கட்டினது கட்டினபடியே போகணும். யாரும் அவுக்கக் கூடாது. நீங்களும் கூடாது, நானும் கூடாது."

தெருமுனையில் மூடி போட்ட பழைய எண்ணெய் டிரம் ஒன்றை வைத்தார். சாயங்கால இருட்டில் பெண்கள் பேப்பரில் சுருட்டியதைக் கொண்டுவந்து உள்ளே போட்டுவிட்டு மூடுவார்கள். யார் என்று அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒருநாள் கலாவின் மாமியாரே வந்து போட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

கவர் குறைந்துவிட்டதால் அந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருத் தண்ணீர் ஓடிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். ஓடவில்லை. மேட்டில் இருந்த அடுத்த குடியிருப்பின் கவர்களெல்லாம் அடித்துக்கொண்டு வந்து எங்கள் தெருமுனைச் சிறு பாலத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டன. முழங்கால் தண்ணீரில் ஆண்கள் இறங்கிக் கடப்பாரையால் இழுத்துப் போட்டார்கள். குடையோடு நின்றிருந்த இவரைப் பார்த்து ஒருவர் கேட்டார், "யக்கா, இத்த எல்லாம் எந்த ஊட்ல ரிட்டன் குடுக்கறது?" தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. அப்போது அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முருகேசன் வந்து தெருவில் எல்லோரையும் அழைத்தான், அவரையும் சேர்த்து. "கலா கூப்பிடச் சொன்னாளா?" என்று அவர் கேட்டார். "தெருவுல எல்லாரையும் கூப்புடுன்னாக்கா" என்றான். போகலாமா வேண்டாமா என்று அவர் கடைசி நிமிஷம் வரை யோசித்தார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் குடியிருந்த திருமுல்லைவாயல் வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பாட்டியான மாமியார் பேத்தியை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. கேக் வெட்டியதும் கலா பெரிய தட்டில் ரோஸ்மில்க் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தாள். கையில் பிடித்தாலே நெளியும் மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் கப்புகள். எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியும், இவர் அந்தக் கப்பில் எதையும் குடிக்க மாட்டார். கல்யாண வீட்டில்கூட வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பவர். எல்லோரும் கலாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கலா தட்டை நீட்டினாள்.

அவர் ஒரு கப்பை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், அடி வரைக்கும் குடித்தார். கலா அடுத்தவரிடம் நகராமல் நின்றாள்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

கலா தட்டிலிருந்து இன்னொரு கப்பை எடுத்து நீட்டினாள்.

"அது வேணாம்" என்று அவர் காலிக் கப்பை முன்னால் நீட்டினார். "இதுலயே ஊத்து."

கலா அவரையே பார்த்தாள். உதட்டை அழுத்திக்கொண்டாள். முடியவில்லை. சிரிப்பு பொங்கி வந்துவிட்டது.

"விட மாட்டீங்களேக்கா நீங்க!"

தட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். ஜக்கோடு வந்தாள். அவர் பிடித்திருந்த கப்பில் ஊற்றினாள். கப் நிரம்பியது. "போதும், போதும்மா" என்றார் அவர். கலா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.